ராக்கர் விகிதமும் வால்வு இயக்கத்தின் நெளிவும்: இரண்டு டயல் கேஜ்களைக் கொண்டு அளக்கும் முறை

கேமின் நகர்வை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோலான ராக்கர் ஆர்ம் வந்த பெட்டியின் மேல் அதன் விகிதமாக 1.5 என்றோ 1.6 என்றோ அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி, கேம் லோபின் உயரத்தை அதனால் பெருக்கி, வால்வின் லிஃப்ட், அதாவது அது திறக்கும் தொலைவு, இவ்வளவு என்று குறித்து வைத்துக்கொள்வது எளிது. எஞ்சினும் ஓடத்தான் செய்யும். ஆனால் அந்த எண்ணுக்கும் வால்வு உண்மையில் நகரும் தொலைவுக்கும் இடையே இரண்டு வேறுபாடுகள் இருக்கின்றன. ராக்கரின் வடிவமும் அது அமர்ந்திருக்கும் நிலையும் விகிதத்தை ஒவ்வொரு புள்ளியிலும் மாற்றிக்கொண்டே போவது முதலாவது. வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் புஷ்ராட், ஸ்டட், ராக்கர் எல்லாம் சிறிதளவு நெளிந்து, கேம் கொடுத்த நகர்வில் ஒரு பங்கை விழுங்கிவிடுவது இரண்டாவது. முதலாவது வடிவியலின் வேலை, இரண்டாவது விறைப்பின் வேலை. இரண்டையும் சேர்த்து ஒரே அளவாக எடுப்பவருக்கு எது எவ்வளவு என்று கடைசிவரை தெரியாது. எனவே எதுவுமே நெளியாத அளவுக்கு மென்மையான ஸ்பிரிங்கை வைத்து முதலில் ஒரு முறையும், வேறு எதையும் மாற்றாமல் மெய்யான ஸ்பிரிங்கை வைத்து இன்னொரு முறையும் அளக்க வேண்டும். கீழே வருபவை அனைத்தும் இந்த ஒரு நிபந்தனையைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகளே.

எடுத்துக்காட்டுக்குச் செவர்லேயின் ஸ்மால் பிளாக் வி-8 எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். 1955-இல் 265 கன அங்குல அளவில் வெளிவந்து, பின்னர் 350 கன அங்குலமாகவும் அதற்கு மேலும் வளர்ந்த அந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் பிளாக்கின் நடுவே, கிராங்க் ஷாஃப்டுக்கு நேர் மேலே படுத்திருக்கிறது. லோப் டாப்பெட்டை உயர்த்துகிறது, டாப்பெட் புஷ்ராடை உயர்த்துகிறது, புஷ்ராட் ராக்கரின் ஒரு முனையைத் தூக்க மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. தொழிற்சாலை ராக்கர் தகட்டை அச்சில் அழுத்தி வடித்த எளிய உறுப்பு. ஹெட்டில் நடப்பட்ட ஸ்டட் ஒன்றின் மேல், அரைக்கோள வடிவத் தாங்கியில் அது அசைகிறது. அறிவிக்கப்பட்ட விகிதம் 1.5. அதே நிறுவனத்தின் பிக் பிளாக்கிலும் பின்னாளில் வந்த எல்.எஸ். வரிசையின் பெரும்பாலான எஞ்சின்களிலும் இது 1.7, எல்.எஸ்.7-இல் 1.8, ஃபோர்டின் 302-இல் 1.6. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டால் ஸ்மால் பிளாக்கின் டாப்பெட்டுகள் அனைத்தும் கண்முன்னே தெரிவதால், அளவெடுத்துப் பழகுவதற்கு இதைவிட வசதியான எஞ்சின் குறைவு.

விகிதம் ஒரே எண் அல்ல

ராக்கரை நெம்புகோல் என்று சொல்லி, இரு கைகளின் நீளங்களை வகுத்து விகிதத்தைக் கண்டுவிடலாம் என்று தோன்றும். கணக்கில் வரவேண்டியவை கைகளின் நீளங்கள் அல்ல, செங்குத்துத் தொலைவுகள். ராக்கரின் சுழல் மையத்திலிருந்து வால்வுத் தண்டின் திசையில் தொடுபுள்ளி வழியாகச் செல்லும் கோட்டுக்குள்ள செங்குத்துத் தொலைவை, அதே மையத்திலிருந்து புஷ்ராடின் அச்சுக்கோட்டுக்குள்ள செங்குத்துத் தொலைவால் வகுத்தால் அந்தக் கணத்துக்குரிய விகிதம் கிடைக்கும். ராக்கர் சாயச் சாய இவ்விரு தொலைவுகளும் மாறுகின்றன. எனவே வால்வு மூடியிருக்கும்போது ஒரு விகிதம், பாதி திறந்தபோது ஒரு விகிதம், முழுதும் திறந்தபோது இன்னொரு விகிதம் என்று அது ஒரு வளைகோடாகவே இருக்கும். அச்சிட்ட எண் அந்த வளைகோட்டின் ஏதோ ஒரு புள்ளியைக் குறிக்கிறது. தகட்டு ராக்கர்களில் அளந்து வரும் விகிதம் பெரும்பாலும் அச்சிட்டதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

புஷ்ராடின் நீளம் மாறினால் ராக்கர் தன் பயணத்தைத் தொடங்கும் கோணமும் மாறுகிறது, வளைகோடும் அதனுடன் மாறிவிடுகிறது. ஆகவே விகிதத்தை அளக்கும் முன் புஷ்ராடின் நீளத்தை முடிவு செய்துவிட வேண்டும். உருளை முனை கொண்ட ராக்கரில், வால்வு தன் முழு லிஃப்டில் பாதி வந்திருக்கும்போது சுழல் மையத்தையும் உருளையின் மையத்தையும் இணைக்கும் கோடு வால்வுத் தண்டுக்குச் செங்குத்தாக இருக்குமாறு வைப்பதே வழக்கம். இதற்குக் காரணம் கணக்கில் தெளிவாகத் தெரியும். வால்வுப் பக்கக் கை 36 மி.மீ., லிஃப்ட் 12.7 மி.மீ. என்று கொண்டால், பாதி லிஃப்டில் செங்குத்தாக அமைந்த ராக்கரின் உருளை வால்வு முனையின் மேல் 0.6 மி.மீ.க்கும் குறைவாகவே பக்கவாட்டில் நகரும். வால்வு மூடியிருக்கும்போதே செங்குத்தாக அமைந்துவிட்டால் அந்த நகர்வு 2.3 மி.மீ. ஆகிவிடும். அத்தனை தூரமும் வால்வுத் தண்டு, அது ஏறி இறங்கும் குழாயான கைடின் சுவரில் தள்ளப்பட்டுத் தேய்கிறது. விகிதத்தில் ஒன்றிரண்டு சதவீதத்தைப் பிடிப்பதற்காக இந்த அமைப்பைக் கெடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

கருவிகளும் டயலின் சாய்வும்

நூறில் ஒரு மி.மீ. காட்டும் டயல் கேஜ்கள் இரண்டு வேண்டும். கடைகளில் எளிதில் கிடைப்பவை 10 மி.மீ. பயணம் கொண்டவை. வால்வுப் பக்கத்துக்கு அது போதாது, 25 மி.மீ. பயணமுள்ளதையே வாங்க வேண்டும். நெளிவைப் பகுத்தறிய மூன்றாவதாக ஒன்று இருந்தால் நல்லது, அதற்குச் சிறு பயணமே போதும். காந்த ஸ்டாண்ட் வார்ப்பிரும்பு ஹெட்டில் உறுதியாக நிற்கும். அலுமினிய ஹெட்டானால் வால்வு கவரின் போல்ட் துளையில் ஓர் எஃகுத் தகட்டை முடுக்கி அதன்மேல் நிறுத்த வேண்டும். இவற்றுடன் விரலால் அழுத்தினால் இறங்கும் அளவுக்கு மென்மையான சோதனை ஸ்பிரிங்குகள், கிராங்கைத் திருப்ப நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனர், மெய்யான ஸ்பிரிங்கின் விசையைக் குறிப்பிட்ட உயரங்களில் அளக்கும் ஸ்பிரிங் டெஸ்டர் ஆகியவையும் தேவை.

எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே ஈடுகட்டும் ஹைட்ராலிக் டாப்பெட்டை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. மென் ஸ்பிரிங்கில் அதன் உள்பிஸ்டன் அப்படியே நிற்கும், மெய் ஸ்பிரிங்கில் கீழே இறங்கிவிடும். அந்த இறக்கம் நெளிவு என்ற பெயரில் கணக்கில் ஏறிவிடும். அதற்குப் பதிலாகத் திட டாப்பெட் ஒன்றைப் பொருத்தலாம், அல்லது ஹைட்ராலிக் டாப்பெட்டைப் பிரித்து உள்பிஸ்டன் வேலை செய்யும் உயரத்தில் அசையாமல் நிற்குமாறு உள்ளே ஷிம் என்னும் மெல்லிய தகட்டை வைத்துப் பூட்டலாம். புஷ்ராடின் கிண்ணம் அமரும் உயரம் மாறாது என்பதால் இரண்டாவது வழியையே நான் விரும்புகிறேன். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் சோதனைப் புஷ்ராடை மென் ஸ்பிரிங்குடன் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மெய் ஸ்பிரிங்கின் கீழ் அது வளையும், மரையும் சிதையும்.

டயல் கேஜின் சாய்வில் நிகழும் பிழையைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஸ்மால் பிளாக்கின் வால்வுகள் சிலிண்டரின் அச்சுக்கு 23 டிகிரி சாய்ந்தவை. டயலின் தண்டு ஹெட்டின் விளிம்பைப் பார்த்தல்ல, வால்வுத் தண்டுக்கு இணையாகவே நிற்க வேண்டும். ஸ்பிரிங்கின் மேல்முனையை வால்வுத் தண்டில் பிடித்து வைக்கும் ரிடெய்னரின் தட்டையான பரப்பில் தொட்டு நிற்கும் டயல் 10 டிகிரி சாய்ந்திருந்தால், 12 மி.மீ. நகர்வை அது ஏறக்குறைய 12.18 என்று காட்டும். 5 டிகிரி சாய்ந்தாலும் 0.05 மி.மீ. அளவுக்கு மிகையாகும். நாம் தேடும் நெளிவே 0.2 மி.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால், சாய்ந்த டயல் கண்டுபிடிக்க வேண்டியதையே மறைத்துவிடும். வால்வுத் தண்டின் பக்கவாட்டில் நேரான ஓர் எஃகுக் கோலைப் பிடித்து, இரண்டு திசைகளிலிருந்து பார்த்து இணையாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளலாம். டாப்பெட் பக்கத்து டயலும் இவ்வாறே டாப்பெட் துளையின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அதன் முனை புஷ்ராடின் மேல் அல்ல, டாப்பெட்டின் மேல் விளிம்பில் பட வேண்டும். இரு டயல்களையும் பூஜ்யத்துக்குத் திருப்பும் முன் ஒரு மி.மீ. அளவுக்கு உள்ளழுத்தி வைத்தால், முனை எங்கும் தொடுகையை இழக்காது.

முதல் சுற்று: மென் ஸ்பிரிங்

ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, அளக்கப்போகும் சிலிண்டரின் பிஸ்டனை மேல் உச்சிக்குக் கொண்டுவந்த பின்னரே வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். பிஸ்டன் கீழே கிடக்கும்போது கழற்றினால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடக்கூடும், அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடிப்பவர்கள், அந்த அழுத்தத்தில் கிராங்க் திடீரெனத் திரும்பலாம் என்பதை மறவாமல், ஸ்பேனரை அதில் மாட்டிவைக்காதிருக்க வேண்டும்.

சோதனை ஸ்பிரிங்கைப் பொருத்தியதும் டாப்பெட் லோபின் அடிவட்டத்தில், அதாவது அதன் உயர்வில்லாத வட்டப் பகுதியில், நிற்குமாறு கிராங்கைத் திருப்புக. இன்டேக் வால்வை அளப்பதானால், அதே சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினால் போதும். எக்ஸாஸ்ட் வால்வை அளப்பதானால், இன்டேக் வால்வு திறந்து மூடி முடிக்கப்போகும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்நிலையில் ராக்கரின் நட்டை இறக்கி, இடைவெளி எதுவும் இல்லாமலும் அழுத்தமும் விழாமலும் வைக்க வேண்டும். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் டாப்பெட் வைத்துப் பழகிய நம்மூர் மெக்கானிக்குகளுக்கு இந்தத் தொடுவுணர்வைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புஷ்ராட் விரல்களுக்கிடையே தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அதே நிலைதான் இங்கும் வேண்டும். சிறு இடைவெளி மிஞ்சினாலும் அது அப்படியே வால்வின் லிஃப்டிலிருந்து கழிந்து, விகிதம் குறைவு என்ற பொய்த் தோற்றத்தைக் கொடுத்துவிடும்.

இப்போது இரு டயல்களையும் பூஜ்யத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடும் திசையிலேயே, அதாவது முன்னாலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றாக, கிராங்கை மெல்லத் திருப்ப வேண்டும். வேண்டிய அளவைத் தாண்டிவிட்டால் அந்த இடத்திலேயே பின்னோக்கித் தள்ளிச் சரிசெய்யாமல், கால் சுற்று பின்னால் போய் மீண்டும் முன்னோக்கி வர வேண்டும். இல்லையேல் இணைப்புகளில் உள்ள தளர்வுகள் எதிர்த்திசையில் கூடி அளவைக் குழப்பும். ஒரு முழுச் சுழற்சி முடிந்ததும் இரு டயல்களும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். 0.02 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் ஸ்டாண்ட் நகர்ந்திருக்கிறது என்று கொண்டு, தொடக்கத்திலிருந்து திரும்ப அளப்பதே நேர்மை. மூன்று சுழற்சிகள் ஒத்துவந்த பிறகே எண்களைத் தாளில் ஏற்ற வேண்டும்.

எத்தனை புள்ளிகளில் அளவெடுப்பது என்ற கேள்வியில், அதிகம் எடுத்தால் அதிகத் துல்லியம் என்று எண்ணுவது தவறு. டாப்பெட்டின் ஒவ்வொரு அரை மி.மீ. உயர்வுக்கும் வால்வின் நகர்வைக் குறித்து, அடுத்தடுத்த வேறுபாடுகளை வகுத்தால், இரு டயல்களிலும் எதிரெதிராக விழும் 0.01 மி.மீ. பிழையே 1.50 என்ற விகிதத்தை 1.45 என்றோ 1.55 என்றோ காட்டப் போதுமானது. 2 மி.மீ. இடைவெளியில் எடுத்தால் அதே பிழை 1.49-க்கும் 1.51-க்கும் இடையே அடங்கிவிடும். எடுத்துக்காட்டாக டாப்பெட் 2, 4, 6, 8 மி.மீ. உயர்ந்தபோது வால்வு முறையே 2.90, 5.86, 8.83, 11.76 மி.மீ. நகர்ந்தது என்று கொள்வோம். ஒவ்வொரு கட்டத்தின் விகிதமும் முறையே ஏறக்குறைய 1.45, 1.48, 1.49, 1.47 என்று வருகிறது. ஒட்டுமொத்த விகிதம் 11.76-ஐ 8-ஆல் வகுத்துக் கிடைக்கும் 1.47. அச்சிட்ட 1.5 இதில் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஆயினும் வளைகோடு நடுவில் உயர்ந்து இரு ஓரங்களிலும் தாழ்வதால், ராக்கர் தன் பயணத்தின் நடுவில் சரியாகத்தான் அமர்ந்திருக்கிறது என்பது தெரிகிறது. விகிதம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இறங்கிக்கொண்டே போனாலோ ஏறிக்கொண்டே போனாலோ புஷ்ராடின் நீளத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒரே ஒரு சிலிண்டரை மட்டும் அளந்துவிட்டு மற்ற ஏழையும் அதன்படியே கொள்வது சரியன்று. ஸ்டட்டின் உயரம், வால்வுத் தண்டின் நீளம், வால்வு மூடி அமரும் இருக்கையின் ஆழம் ஆகியவை வால்வுக்கு வால்வு மாறும். குறைந்தது இரண்டு இன்டேக், இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளையேனும் அளந்து பார்த்தால்தான் எழுதிய எண்ணுக்கு மதிப்பு வரும்.

இரண்டாம் சுற்று: மெய் ஸ்பிரிங்

அதே வால்வில், அதே புஷ்ராட், அதே ராக்கர், அதே டாப்பெட்டுடன், ஸ்பிரிங்கை மட்டும் மாற்ற வேண்டும். ஸ்பிரிங் டெஸ்டரில் அதன் விசையை வால்வு மூடிய உயரத்திலும் முழுதும் திறந்த உயரத்திலும் முன்கூட்டியே அளந்து குறித்திருக்க வேண்டும், விசை தெரியாத நெளிவை எதனோடும் ஒப்பிட முடியாது. நம் எடுத்துக்காட்டில் மூடிய நிலையில் 55 கிலோ, முழு லிஃப்டில் 136 கிலோ எனக் கொள்வோம். விகிதம் 1.5 என்றால் புஷ்ராடின் மேல் 136-ஐ 1.5-ஆல் பெருக்கிய 204 கிலோ விழுகிறது. ஸ்டட் இவ்விரண்டையும் சேர்த்து 340 கிலோவைத் தாங்க வேண்டியிருக்கிறது. கையால் திருப்பும் எஞ்சினிலேயே இவ்வளவு சுமை என்பதை மனத்தில் கொண்டால், ஸ்டட்டைப் பற்றிப் பின்னால் சொல்லப்போவது வியப்பாக இராது.

தட்டையான அடிப்பாகம் கொண்ட டாப்பெட்டுகளும் புதிய கேம் ஷாஃப்டும் உள்ள எஞ்சினில் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. லோபுகளின் மேல் முதல் ஓட்டத்துக்காகப் பூசிய மசகுப் பூச்சு, மெய் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் பலமுறை திருப்பினால் வழிக்கப்பட்டுப் போய்விடும். பிறகு எஞ்சின் முதல்முறை ஓடும்போதே லோப் தேய்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. எனவே இந்தச் சுற்றில் சுழற்சிகளைக் குறைத்து, அளந்து முடித்ததும் லோபுக்கும் டாப்பெட்டுக்கும் மீண்டும் பூச்சிட வேண்டும்.

பழைய முறைப்படியே பூஜ்யம் வைத்துத் திருப்பும்போது முதலில் கவனிக்க வேண்டியது முழு லிஃப்டை அல்ல, வால்வின் டயல் முதன்முதலில் அசையும் கணத்தை. வால்வு இருக்கையை விட்டு எழுவதற்கு முன்பே 55 கிலோ விசையை இந்தத் தொடர் முழுதும் தாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை டாப்பெட் உயரும், வால்வு நகராது. அப்போது டாப்பெட்டின் டயல் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்னர் முன்போலவே 2 மி.மீ. இடைவெளிகளில் அளந்து செல்ல வேண்டும். முழு லிஃப்டில் டாப்பெட் அதே 8 மி.மீ. காட்ட, வால்வு 11.76-க்குப் பதில் 11.52 மி.மீ. மட்டுமே நகர்ந்தது என்று வைத்துக்கொண்டால், நெளிவு 0.24 மி.மீ. இதை 136 கிலோவுடன் சேர்த்துப் பார்த்தால் வால்வுப் பக்கத்தில் இத்தொடரின் விறைப்பு மி.மீ.க்கு ஏறக்குறைய 567 கிலோ என்று ஆகிறது. வேறு ஸ்பிரிங், வேறு லோப் கொண்ட எஞ்சினுடன் ஒப்பிடுவதற்கு நெளிவைவிட இந்த விறைப்பு எண்ணே ஏற்றது.

தொடக்கத்தில் குறித்த எண் இங்கே சோதனைக்கல்லாகப் பயன்படும். 136 கிலோவுக்கு 0.24 என்றால் 55 கிலோவுக்கு 0.10 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அதை டாப்பெட் பக்கத்துக்கு மாற்றினால் சுமார் 0.07 மி.மீ. டாப்பெட் அவ்வளவு உயர்ந்ததும் வால்வு அசைந்தால் எல்லாம் மீள்தன்மையோடு நேர்விகிதத்தில் நெளிகின்றன என்று கொள்ளலாம். அதைவிட மிகுதியாக இருந்தால் எங்கோ தளர்வு இருக்கிறது. ஸ்டட் சரியாக இறுகவில்லை, அல்லது முதலில் விட்ட இடைவெளி பூஜ்யமாக இல்லை. முழு லிஃப்டில் மட்டும் நெளிவு எதிர்பார்த்ததைவிடத் திடீரென ஏறினால், புஷ்ராட் ஹெட்டின் துளையில் உரசுகிறதா, ராக்கரின் பிளவு ஸ்டட்டின் கழுத்தில் முட்டுகிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

நெளிவு எங்கே ஒளிந்திருக்கிறது

மொத்த நெளிவு தெரிந்தபின் அதைப் பங்கு பிரிப்பதற்குத்தான் மூன்றாவது டயல். அதை ஸ்டட்டின் உச்சியில், பூட்டு நட்டின் மேல், ஸ்டட்டின் அச்சுக்கு இணையாக நிறுத்தி, மெய் ஸ்பிரிங்குடன் வால்வு மூடிய நிலையிலிருந்து முழு லிஃப்டுக்குத் திருப்பினால், சுழல் மையம் எவ்வளவு மேலே இழுபடுகிறது என்று காட்டும். ஸ்டாண்டின் அடி, ஸ்டட் நிற்கும் மேட்டிலிருந்து தள்ளி ஹெட்டின் உறுதியான பகுதியில் இருக்க வேண்டும்.

பெரும்பாலானோர் சுழல் மையத்தின் அசைவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். புஷ்ராடின் முனையை நிலைநிறுத்திவிட்டுச் சுழல் மையத்தை 0.05 மி.மீ. உயர்த்தினால், வால்வு முனை இழப்பது 0.05 அல்ல, விகிதத்துடன் ஒன்றைக் கூட்டிப் பெருக்கிய அளவு. 1.5 விகிதத்தில் அது 2.5 மடங்கு, அதாவது 0.125 மி.மீ. புஷ்ராட் அதே 0.05 மி.மீ. சுருங்கினால் இழப்பு 1.5 மடங்கான 0.075 மட்டுமே. விகிதத்தைக் கூட்டக் கூட்ட இரண்டு பெருக்கங்களும் ஏறும்.

புஷ்ராடின் பங்கை அளக்காமல் கணக்கிட்டே அறியலாம். 198 மி.மீ. நீளமும், 7.94 மி.மீ. வெளிவிட்டமும், 2 மி.மீ. சுவர்க் கனமும் கொண்ட எஃகுக் குழாய் 204 கிலோவின் கீழ் சுமார் 0.05 மி.மீ. சுருங்கும், வால்வுப் பக்கத்தில் அது 0.08. அதே சுவர்க் கனத்துடன் விட்டத்தை 9.5 மி.மீ. ஆக்கினால் சுருக்கத்துக்கான விறைப்பு ஏறக்குறைய 27 சதவீதமே கூடுகிறது. ஆனால் பக்கவாட்டில் வில்போல் வளைவதற்கான எதிர்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. கையால் திருப்பும் அளவையில் வளைவு தலைகாட்டாமல் சுருக்கம் மட்டுமே தெரிவதால், தடித்த புஷ்ராடின் உண்மையான ஆதாயம் டயலில் முழுதாகத் தென்படாது. எடை கூடுமே என்று அஞ்சுவோர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். புஷ்ராடில் கூடும் எடை வால்வுப் பக்கத்தில் விகிதத்தின் வர்க்கத்தால் வகுபட்டே உணரப்படும். 1.5 விகிதத்தில் புஷ்ராடில் 10 கிராம் கூடினால் அது வால்வில் 4.4 கிராம் கூடியதற்குச் சமம். விறைப்புக்காக எடையைக் கூட்டத் தகுந்த இடம் இந்தத் தொடரில் இருக்குமானால் அது புஷ்ராட்தான்.

நம் எடுத்துக்காட்டில் ஸ்டட் 0.05 மி.மீ. அசைந்தது என்று கொண்டால், வால்வுப் பக்கத்தில் அதன் இழப்பு 0.125, புஷ்ராடின் சுருக்கத்தால் 0.08, ஆக 0.205 மி.மீ.க்குக் கணக்கு வந்துவிட்டது. மிச்சமுள்ள 0.035 ராக்கரின் உடலிலும், தொடுபரப்புகளிலும், ஹெட்டிலும் பரவிக் கிடக்கும். கேம் ஷாஃப்டும் சிறிதளவு வளையக்கூடும், ஆனால் டாப்பெட்டின் மேல் டயல் வைத்திருப்பதால் அந்த இழப்பு இதில் சேராது. மென் ஸ்பிரிங்கில் 8.00 காட்டிய டாப்பெட் மெய் ஸ்பிரிங்கில் 7.98 காட்டினால் அதுவே அதன் பங்கு. இவ்வாறான ஒரு பங்கீடு வந்தால் பணத்தை முதலில் ஸ்டட்டில் செலவிட வேண்டும் என்பது தெளிவு. தொழிற்சாலையில் அழுத்திச் செருகிய ஸ்டட்டுகளைக் கழற்றி, மரையிட்டு முடுக்கும் ஸ்டட்டுகளைப் பொருத்துவது முதற்படி. விட்டத்தை 3/8 அங்குலத்திலிருந்து 7/16 அங்குலமாக்கினாலே வளைவுக்கான விறைப்பு சுமார் 85 சதவீதம் உயரும். அதற்கும் மேலே போக வேண்டியவர்கள் எல்லா ஸ்டட்டுகளின் தலைகளையும் ஒன்றாகப் பிணைக்கும் பட்டையைப் போடுவார்கள், அல்லது ஸ்டட்டுகளையே கைவிட்டு, தண்டில் கோத்த ராக்கர் அமைப்புக்கு மாறுவார்கள்.

அளந்த நெளிவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

0.24 மி.மீ. லிஃப்ட் தொலைந்துபோனது, எனவே சற்றுக் கூடிய விகிதமுள்ள ராக்கரைப் போட்டு அதை மீட்டுவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இந்த அளவையைத் தவறாகப் படிக்கிறார்கள். கிராங்க் நிமிடத்துக்கு 7000 சுற்று சுழலும்போது அதன் ஒரு டிகிரி நகர்வுக்கு ஏறக்குறைய ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 24 பங்குதான் நேரம். 280 டிகிரி திறந்திருக்கும் வால்வு தன் முழுப் பயணத்தையும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் 7 பங்குக்குள் முடித்துக்கொள்கிறது. வால்வை இருக்கையிலிருந்து கிளப்பி விரைவுபடுத்தும் கட்டத்தில், ஸ்பிரிங்கின் விசையோடு வால்வின் நிறையை முடுக்கும் விசையும் சேர்ந்துகொள்கிறது. அங்கே நெளிவு நாம் அளந்ததைவிட மிகுதி. லோபின் மூக்கை நெருங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. ஓடும் வால்வை நிறுத்தித் திருப்புவதற்கே ஸ்பிரிங்கின் விசையில் பெரும்பங்கு செலவாவதால் புஷ்ராடின் மேல் உள்ள சுமை குறைகிறது. அழுந்தியிருந்த புஷ்ராட் நிமிர்ந்து, தேக்கி வைத்த ஆற்றலை வால்வுக்கே திருப்பிக் கொடுத்து, லோப் சொன்னதைவிட மேலே அதை எறிந்துவிடவும் கூடும். ஆக, கையால் திருப்பும்போது தொலைந்த லிஃப்ட், ஓடும் எஞ்சினில் முழுமையாக வந்து சேரலாம், வேண்டாத அளவுக்கு மிஞ்சியும் வரலாம்.

எனவே அளந்த நெளிவைத் தொலைந்த லிஃப்டாகக் கருதாமல், இந்தத் தொடர் எவ்வளவு விறைப்பான வில் என்பதன் அளவாகவே கொள்ள வேண்டும். விறைப்புக் குறைந்த தொடரில் வால்வு கேமின் சொற்படி நடக்கும் வேக எல்லையும் குறையும். சுற்றுவேகம் ஏற ஏற வால்வு இருக்கையில் குதித்து அமரும், ஸ்பிரிங் உடையும். ஓட்டத்தில் நிகழ்வதை நேரடியாகக் காண விரும்பும் பந்தய எஞ்சின் பட்டறைகள் ஸ்பின்ட்ரான் என்னும் இயந்திரத்தில் எஞ்சினை மின்மோட்டாரால் சுழற்றி, வால்வின் அசைவை லேசர் கொண்டு பதிவு செய்கின்றன. அந்த வசதி இல்லாதவர்களுக்கு இரண்டு டயல்களும் ஒரு மென் ஸ்பிரிங்கும் தரும் விறைப்பு எண்ணே, ஓர் உறுப்பை மாற்றியதால் நன்மை விளைந்ததா என்பதைச் சொல்லும் சாட்சி. ஒரே நேரத்தில் இரண்டு உறுப்புகளை மாற்றிவிட்டால் அந்தச் சாட்சியும் பேசாது.

உண்மையிலேயே கூடுதல் லிஃப்ட் தேவைப்பட்டு 1.5-இலிருந்து 1.6-க்கு மாறுபவர், மென் ஸ்பிரிங் சுற்றை முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும். பழைய ராக்கர் 1.47 என்று அளந்து, புதியது 1.60 என்றே வந்துவிட்டால், எதிர்பார்த்த ஏழு சதவீதத்துக்குப் பதில் ஒன்பது சதவீத உயர்வு நேர்ந்திருக்கும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையில் இன்டேக்கில் சுமார் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. விடுவது பொது வழக்கு. இவை மிக நெருங்குவது முழு லிஃப்டில் அல்ல, எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்டேக் திறந்துகொண்டும் இருக்கும், மேல் உச்சிக்குப் பத்து டிகிரி முன்பின்னான இடங்களில். ஆகவே அங்கே தேவைப்படுவது ஒட்டுமொத்த விகிதம் அன்று, வளைகோட்டின் தொடக்கப் பகுதியில் அளந்த விகிதம். இந்த இடைவெளியையும் மென் ஸ்பிரிங்கை வைத்தே பார்க்க வேண்டும், மெய் ஸ்பிரிங்கின் நெளிவு அதை உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடும். முழு லிஃப்டில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொட இன்னும் 1.5 மி.மீ. அளவுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1.6 விகிதத்துக்காக ராக்கரில் புஷ்ராடின் கிண்ணத்தை ஸ்டட்டை நோக்கி நெருக்கி வைத்திருப்பார்கள் என்பதால், ஹெட்டின் துளையில் புஷ்ராட் உரசும் வாய்ப்பு அதிகம். புஷ்ராடில் மார்க்கர் மையைப் பூசி இரண்டு சுழற்சி திருப்பினால் உரசும் இடம் பளிச்சென்று தெரியும், துளையை அந்தப் பக்கம் மட்டும் அரத்தால் நீட்டிக்கொள்ளலாம்.